கிறிஸ்துமஸ் ஆராதனைகளுக்கு எந்த வடிவமைப்புப் பாணி? போஸ்டரிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: எங்கள் சபையில் திருவருகைக் கால ஞாயிறுகள், கேரல் ஆராதனை, சிறுவர் நிகழ்ச்சி, 24 இரவு ஆராதனை, 25 காலை ஆராதனை என்று வரிசையாக நிகழ்வுகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம் போதுமா, தனித்தனியாக வேண்டுமா? பழைய ஓவியப் பாணியா, நவீனமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான். நான்கு மாதிரி போஸ்டர்கள் வாட்ஸாப்பில் வரும். எது பளிச்சென்று இருக்கிறதோ அதற்கு ஓட்டு விழும். அதே படத்தைப் பிறகு திரைக்கும் மேடைக்கும் இழுத்து நீட்டுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போஸ்டரை ஒருவர் ஐந்து விநாடி பார்ப்பார். பாடல் வரிகள் ஓடும் திரையைச் சபை முழுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே பாணியைப் பாடல் திரையில் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே தாக்குப்பிடிக்கும் பாணி போஸ்டரிலும் நிற்கும். போஸ்டரில் ஜொலிப்பது திரையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. (திரையே இல்லாத சபை என்றால், ஆராதனை முறைமை அச்சிட்ட தாளின் உள்பக்கத்தை வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள்.)

சோதனை எளிது. இந்த வருடம் பாடப்போகும் பாடல்களிலேயே நீளமான வரிகள் கொண்ட ஒன்றை எடுங்கள். 1920×1080 அளவில் ஒரு ஸ்லைடு திறந்து, உத்தேசித்த படத்தைப் பின்னணியாக வைத்து, அதன்மேல் நான்கு வரிகளை 75 பிக்சல் எழுத்தில், ஒன்றரை மடங்கு வரி இடைவெளியுடன் போடுங்கள். எழுத்துக்கு மட்டும் 450 பிக்சல் உயரம் போய்விடும், அதாவது திரையில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதியில் படம் என்ன சொல்கிறது? எழுத்துக்கு அடியில் மரியாளின் முகமோ நட்சத்திரமோ மாட்டிக்கொள்கிறதா? பிறகு அதை மடிக்கணினியில் பார்த்துத் திருப்தியடையாமல், ஆலயத்தில் ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து படியுங்கள். ஆராதனை எந்த நேரத்திலோ அந்த நேரத்து வெளிச்சத்தில் இதைச் செய்ய வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்பது அது ஒளி வீசாமல் விட்டுவைக்கும் இடம்தான். காலையில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். ஆழ்ந்த நீலத்தில் பொன் நட்சத்திரம் என்று அழகாக வரைந்தது பழைய சிலேட்டுப் பலகை மாதிரித் தெரியும். இரவு ஆராதனையில் இது தலைகீழ். விளக்கை அணைத்து எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றியபின் வெள்ளைப் பின்னணி ஸ்லைடு வந்தால், திரையே ஒரு குழல்விளக்காகி மெழுகுவர்த்தி ஒளியை விழுங்கிவிடும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாணிக்கு இரண்டு முகம் வேண்டும்: வெளிர் பின்னணியில் கருமையான எழுத்து காலைக்கு, கருமையான பின்னணியில் வெளிர் எழுத்து இரவுக்கு. ஒரே படத்தை இப்படி இரண்டாகத் திருப்ப முடியாது என்றால் அந்தப் பாணி உங்களுக்கு ஒத்துவராது. எல்இடி சுவர் வைத்திருப்பவர்களுக்குக் கறுப்பு பிரச்சினையில்லை. ஆனால் இரவு ஆராதனைக்கு அதன் பிரகாசத்தை வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

பாணிகளைப் பற்றி

பழைய ஓவியப் பாணி கேரல் ஆராதனைக்கு இயல்பாகப் பொருந்தும். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் குழந்தையையே விளக்காக வைத்து, சுற்றி இருட்டாக்கி வரைந்தார்கள். டச்சு ஓவியர் ஹோந்தோர்ஸ்ட் 1622-இல் வரைந்த 'மேய்ப்பர்களின் வணக்கம்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழந்தையிடமிருந்தே ஒளி வரும் அந்த எண்ணம் 14-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் புனிதர் பிரிஜித்தா கண்டதாகச் சொன்ன காட்சியிலிருந்து ஓவியங்களுக்குள் பரவியது. இந்த ஓவியங்களில் இருட்டான பகுதி நிறைய இருப்பதால் எழுத்துக்கு இடம் தானாகக் கிடைக்கும். தொல்லை என்னவென்றால், பல ஓவியங்கள் நின்ற வாக்கில் இருக்கும். 16:9 திரைக்கு வெட்டினால் மேய்ப்பர்களின் தலை போகும் அல்லது முன்னணை போகும். ஓவியத்தைத் திரையின் ஒரு பக்கம் முழு உயரத்துக்கு வைத்து, அதன் விளிம்பு நிறத்தையே எடுத்து மறுபக்கத்தை நிரப்பி, அங்கே எழுத்தைப் போடுவதுதான் சரியான வழி. இணையத்தில் கிடைத்த சின்னப் படத்தை எடுக்காதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடமுள்ள, காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத் தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. பெரிய கோப்பே அங்கே கிடைக்கும்.

ஒன்பது வாசகங்களும் பாடல்களும் என்ற அமைப்பில் கேரல் நடத்தினால் (1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி வழியாகப் பரவியது) ஒன்பது வாசகத் தலைப்பு ஸ்லைடுகள் தேவை. ஒன்பது வெவ்வேறு ஓவியம் தேடிப் போகவேண்டாம். ஒரே பெரிய ஓவியத்தின் எட்டுத் துண்டுகள், கடைசி வாசகத்தில் முழுப்படம். இதைவிடச் சுலபமாக ஒருமைப்பாடு கிடைக்காது.

தாள்வெட்டுப் பாணி, அதாவது அடுக்கடுக்காக வெட்டிய காகிதம்போல் மலை, ஊர், குடில், வானம் என்று அமையும் பாணி. பல நிகழ்வுகள் உள்ள நடுத்தரச் சபைக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். அடுக்குகள் தனித்தனியாக இருப்பதால் மலையை மட்டும் பாடல் திரைக்கு, ஊரை மட்டும் அழைப்பிதழுக்கு, நட்சத்திரத்தை மட்டும் சிறுவர் பேட்ஜுக்கு என்று பிரித்து எடுக்கலாம். அதே வடிவத்தை அட்டையிலோ பிளைவுட்டிலோ வெட்டி மேடையில் நிறுத்தலாம். திரையும் மேடையும் ஒரே கை செய்த மாதிரி இருக்கும். காலைக்கு வெளிர், இரவுக்கு அடர் என்று மாற்றுவது ஒவ்வோர் அடுக்குக்கும் நிறம் மாற்றும் வேலைதான். அடுக்குகள் நான்கைத் தாண்டினால் மட்டும் சிறிய அளவில் குழம்பும்.

மெல்லிய கோட்டுச் சித்திரம் கைப்பேசியில் அழகு, திரையில் ஏமாற்றம். 1920 அகலத் திரையில் 4 பிக்சலுக்குக் குறைந்த கோடு கடைசி வரிசைக்குத் தெரியாது. நேரலைக் கேமராவில் அது மினுமினுத்து அலையும். அச்சில் கருமையான பின்னணியில் வெள்ளைக் கோடு விட்டால் மை பரவி அடைத்துவிடும். அங்கே 1 பாயின்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

வாட்டர்கலர் அச்சிட்ட அட்டைக்கு மட்டும். அதன் வெளிர் சாயங்களைப் புரொஜெக்டர் துடைத்தெடுத்துவிடும்.

எழுத்தையே படமாக்கும் பாணி வேகமானது. "இம்மானுவேல்" என்ற ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி வேறொன்றும் வைக்காமல் விடலாம். நல்ல கையெழுத்துக் கலைஞர் இருந்தால் இதை யோசியுங்கள். சிறுவர் நிகழ்ச்சிக்கு மட்டும் இது வறட்சியாகத் தெரியும்.

மெழுகுவர்த்தியும் மங்கலான பொன் புள்ளிகளும் கொண்ட இலவசப் புகைப்படத்தைப் பற்றி: அதே படத்தை இன்னும் பல சபைகள் அதே வாரத்தில் போட்டிருக்கும். புகைப்படம்தான் வேண்டுமென்றால் உங்கள் ஆலயத்தையே இருட்டில் ஒரு விளக்கோடு எடுங்கள். கணினி தானே உருவாக்கும் படங்களை எடுப்பவர்கள், பெரிதாக்கி விரல்களை எண்ணிவிட்டு, சுருள்களிலும் கதவுகளிலும் பொய் எழுத்துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பனிமனிதனும் கலைமானும் நிறைந்த பாணியை ஒதுக்கிவிடுவது நல்லது. லூக்கா 2-இல் பனி இல்லை என்பது ஒரு காரணம். கடைகளின் தள்ளுபடி விளம்பரத்திலிருந்து உங்கள் அழைப்பிதழைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஒரு தாய்ப்படம், பல பிள்ளைகள்

ஒரே தோற்றமா தனித்தனியா என்ற கேள்விக்கு: ஒரு தாய்ப்படம் (எல்லாவற்றுக்கும் மூலமான படம்), ஒரு நிறத்தொகுதி, இரண்டு எழுத்துருக்கள். இவை மாறக்கூடாது. நிகழ்வுக்கு நிகழ்வு மாறவேண்டியது படத்தின் எந்தப் பகுதி முன்னால் வருகிறது, எவ்வளவு ஒளி இருக்கிறது என்பவை மட்டுமே.

திருவருகைக் காலத்துக்கு இது அருமையாக ஒத்துவரும். முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். 2026-இல் நவம்பர் 29. அன்று இருண்ட வானமும் மலைக்கோடும் மட்டும். இரண்டாம் ஞாயிறு அடிவானத்தில் ஒரு வெளிச்சக் கீற்று. மூன்றாம் ஞாயிறு நட்சத்திரம். நான்காம் ஞாயிறு ஊரின் ஜன்னல்களில் விளக்கு. 24 இரவு குடில். ஐந்து படங்களும் ஒரே கோப்பில் அடுக்குகளை ஏற்றி இறக்கிச் செய்தவை, புதிதாக ஒன்றும் வரைய வேண்டாம். திருவழிபாட்டு நிறங்களைப் பின்பற்றும் சபைகளில் கிறிஸ்துமஸ் வரை ஊதா (சில மரபுகளில் நீலம்), மூன்றாம் ஞாயிறு ரோஜா நிறம், கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளையும் பொன்னும் என்பதையும் இதே ஏணியில் ஏற்றிவிடலாம். பீடத் துணி ஊதாவாக இருக்கும்போது திரை முழுக்கப் பொன்னாக இருந்தால் இரண்டும் சண்டை போடும். 2028-இல் கவனம் வேண்டும். கிறிஸ்துமஸ் திங்கள்கிழமை வருவதால் டிசம்பர் 24 காலையே நான்காம் ஞாயிறு. காலையில் ஊதா, மாலையில் வெள்ளை. இரண்டு தொகுதி ஸ்லைடுகளையும் முன்னதாகவே தனிக் கோப்புறைகளில் வைக்காவிட்டால் அன்று கைகலப்புதான்.

ஞானிகளைத் தாய்ப்படத்திலேயே குடிலுக்குள் அடைக்காமல் தனி அடுக்காக வைத்திருங்கள். மத்தேயு 2-இல் அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு, எத்தனை பேர் என்ற எண்ணும் அங்கே இல்லை. அவர்களைத் தூரத்து மலையில் நடந்துவரும் நிழலுருவாக விட்டு, ஜனவரி 6 திருக்காட்சி நாளுக்கு முன்னால் கொண்டுவந்தால் அதே தொகுதி இன்னும் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும்.

நிறம்

மூன்று நிறம் போதும். நம்பி எடுக்கக்கூடிய ஒரு தொகுதி: கருநீலம் (சிவப்பு 20, பச்சை 33, நீலம் 61), கிரீம் (247, 241, 227), பொன் (201, 162, 39). கருநீலத்தின்மேல் கிரீம் எழுத்துக்கு ஒளிவேறுபாடு 14-க்கு 1. கருநீலத்தின்மேல் பொன் 6.6-க்கு 1. சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருந்தால் போதும் என்பது வலைத்தள அணுகல் நெறிகள் சொல்லும் அளவு. இந்த இரண்டும் தாராளமாகத் தேறும். ஆனால் கிரீமின்மேல் பொன் 2.15, பொன்னின்மேல் வெள்ளை 2.4. இரண்டும் தேறாது. கிறிஸ்துமஸ் அழைப்பிதழ்களில் அடிக்கடி படிக்க முடியாமல் போவது இந்தப் பொன் எழுத்துதான். வெளிர் பின்னணியில் பொன்னை அலங்காரத்துக்கு வையுங்கள், சொல்லுக்கு வைக்காதீர்கள்.

சிவப்பின்மேல் பச்சை எழுத்து, பச்சையின்மேல் சிவப்பு எழுத்து வேண்டவே வேண்டாம். இரண்டின் ஒளி அளவும் பெரும்பாலும் நெருக்கமாகவே இருக்கும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எல்லாச் சபையிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அங்கே எழுத்தே இருக்காது. சந்தேகம் வந்தால் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள்.

அச்சில் இரண்டு நிறங்கள் காலை வாரும். ஒன்று பொன். நான்கு வண்ண அச்சில் பளபளப்பு வராது, கடுகுப் பழுப்பாகத்தான் வரும். உண்மையான பொன் வேண்டுமென்றால் ஃபாயில் அல்லது உலோக மை என்று அச்சகத்தில் தனியாகச் சொல்லவேண்டும். இன்னொன்று நீலம். சயான் (வெளிர்நீல மை) 100, மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) 100 என்று போனால் ஊதாவாக அடிக்கும். மெஜந்தாவைச் சயானைவிட 30 புள்ளியாவது கீழே வைத்தால் நீலமாக நிற்கும்.

தமிழ் எழுத்து

ஆங்கில வடிவமைப்பு மாதிரிகளை வாங்கித் தமிழைப் புகுத்துபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த மாதிரிகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும், எழுத்துகளுக்கு இடையே அகல இடைவெளியையும் நம்பி அமைந்தவை. தமிழில் முதலாவது இல்லை. இரண்டாவதைச் செய்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, சொல் சிதறிவிடும். தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் (தலைப்பின் கீழ் வரும் சாதாரண எழுத்து) வேறுபாட்டை எடையாலும் (எழுத்தின் தடிப்பு) அளவாலும் மட்டும் காட்டுங்கள். தலைப்பு உடல் எழுத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

தமிழ்ச் சொல் நீளமானது. "கிறிஸ்து பிறப்புப் பெருவிழா" என்பதை இரண்டு வரியாக உடைத்தால், இகர ஈகாரச் சுழி மேலேறியும் உகரக் கால் கீழிறங்கியும் வரிகள் உரசும். வரி இடைவெளி 1.4 முதல் 1.6 வரை தேவை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். பல எடைகளில் உள்ளவை, திரைக்கும் அச்சுக்கும் தாங்கும். எழுத்துருவில் தடித்த எடை இல்லாதபோது மென்பொருளின் பொத்தானை அழுத்திச் செயற்கையாகத் தடிப்பாக்கினால் ண, ன, ணை, றை போன்றவற்றின் சுழி அடைபட்டுவிடும்.

அடோபி மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு அங்கே தனியாக இயக்கப்படவேண்டும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். திருத்தக்கூடிய கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தேதி மாறும்.

தேதி என்றதும்: "24 இரவு 12 மணி" என்று எழுதாதீர்கள். 23 முடிந்து 24 தொடங்கும் 12-ஆ, 24 முடிந்து 25 தொடங்கும் 12-ஆ என்று பார்ப்பவர் குழம்புவார். "டிசம்பர் 24, வியாழன், இரவு 11.30" என்று கிழமையோடு எழுதுங்கள். அழைப்பிதழில் நாள், நேரம், இடம் மூன்றும் ஒரே கண்ணோட்டத்தில் சிக்கவேண்டும். வசனமும் வாழ்த்தும் அதற்குப் பிறகு.

அச்சும் மேடையும்

ஏ3 போஸ்டர் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508×4961 பிக்சல். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விட்டு, எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். சமூக வலைத்தளத்துக்கு 1080×1350, ஸ்டேட்டஸுக்கு 1080×1920. கியூஆர் குறியைக் கையில் பிடிக்கும் அட்டையில் 2 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள். சுவரில் ஒட்டுவது என்றால் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மீட்டருக்கு 30 செ.மீ. அதையும் பொன்னில் அச்சடிக்க ஆசைப்பட வேண்டாம்.

வெளியே கட்டும் பேனரில் 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. எழுத்துயரம் என்று கணக்கு வைத்தால் நிதானமாகப் படிக்கலாம். சாலைக்கு அப்பால் 24 மீட்டரிலிருந்து தெரியவேண்டிய நேரம் 20 செ.மீ. உயரமாவது இருக்கவேண்டும். இதைச் செய்து பார்த்தாலே பேனரிலிருந்து பாதி வாசகம் தானாக உதிர்ந்துவிடும்.

மேடைப் பின்திரை 6×3 மீட்டர் என்றால் 72 டிபிஐயிலேயே அகலம் சுமார் 17,000 பிக்சல் வரும். கோப்பைப் பத்தில் ஒரு பங்கு அளவில், 600×300 மி.மீ., 720 டிபிஐயில் செய்யலாம். தாள்வெட்டுப் பாணியை வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வடிவமாக) வரைந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. பளபளக்கும் ஃபிளெக்ஸ் மேடை விளக்கில் கண்ணாடிபோல் ஒளி அடிக்கும், கேமராவில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மங்கல் துணியில் அச்சடிப்பது மேல்.

அச்சுக்குப் போகுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பிரசங்கிக்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, கேமரா வைக்கும் இடத்திலிருந்து படம் எடுத்து, பின்திரை வடிவமைப்பை அதன்மேல் பொருத்துங்கள். நடுவில் வைத்த நட்சத்திரம் போதகரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக நிற்கும். மரக்கிளை என்றால் கொம்பாக முளைக்கும். மேடைத் தரையிலிருந்து 2.4 மீட்டருக்கு மேலே, அல்லது ஒரு பக்க மூன்றில் ஒரு பங்கில் முக்கியப் படத்தை ஏற்றிவிட்டு, தலை வரும் உயரத்தை வெறும் நிறமாக விடுங்கள்.

கால அளவு: திருவருகை முதல் ஞாயிற்றுக்கு எட்டு வாரம் முன் எந்தெந்தப் பொருள்கள் வேண்டும் என்ற பட்டியலும் திரைச் சோதனையும். ஆறு வாரம் முன் பாணி உறுதி, அதற்குப்பின் ஓட்டெடுப்பு கிடையாது. நான்கு வாரம் முன் அச்சுக் கோப்புகள். இரண்டு வாரம் முன் ஸ்லைடு வார்ப்புருக்கள் தன்னார்வலர்கள் கையில். வார்ப்புருவில் பின்னணியையும் எழுத்துருவையும் பூட்டி, எழுதும் பெட்டியை மட்டும் திறந்து வையுங்கள். 24 மாலை யாரோ ஒருவர் அவசரமாக ஓர் அறிவிப்பு ஸ்லைடு சேர்ப்பார். அந்த ஸ்லைடும் அதே கருநீலத்தில், அதே எழுத்துருவில் வந்து நிற்கும்.